‘டென்ஷன்’ என்ற ஒரே சொல்லைப் பிரித்துப் பார்க்க: நான்கு வார நோட்டுப் பயிற்சி

பஸ்ஸைத் தவறவிட்டால் டென்ஷன். பெண்ணுக்குக் கணக்கில் மார்க் குறைந்தால் டென்ஷன். அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு நம்மைக் கடைசியாகக் கூப்பிட்டாலும் டென்ஷன்தான். காலையில் எழுந்தது முதல் படுக்கப் போகும்வரை உள்ளே நடக்கிற அத்தனையையும் இந்த ஒரு சொல்லிலோ, இதைவிட மங்கலான ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பதிலோ போட்டு மூடிவிடுகிறோம். பெயர் ஒன்றாகிப்போனதால் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது: ஒரு டீ, ஒரு சிகரெட், இரண்டு மணி நேர ரீல்ஸ், இல்லாவிட்டால் வீட்டில் யார் கைக்கெட்டுகிறார்களோ அவர்மேல் ஒரு கத்தல். முதல் டென்ஷனுக்குத் தேவைப்பட்டது ஓர் ஆட்டோ. இரண்டாவதற்குப் பெண்ணோடும் டீச்சரோடும் ஒரு பேச்சு. மூன்றாவது உண்மையில் மனத்தாங்கல். அதை அண்ணனிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

பெயர் வைப்பதால் மட்டும் என்ன மாறும் என்று கேட்கலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மேன் குழு 2007இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. கோபமும் பயமும் தெரிகிற முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்கான சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா பகுதியின் துடிப்பு குறைந்தது; நெற்றிக்குப் பின்னாலிருக்கும் பகுதி வேலை செய்யத் தொடங்கியது. அதே முகத்துக்குப் பொருத்தமான ஆள்பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அந்த அளவு தணிவு வரவில்லை. ஆக, சும்மா ஏதோ ஒரு சொல் போதாது. உணர்ச்சியின் சொல் வேண்டும்.

கீழே உள்ள பயிற்சிக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். நான்கு வாரம் ஆகும். வாரத்தைச் சுருக்கவேண்டாம். முதல் வாரத்தைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில் கைவிடுகிறார்கள்.

என்னென்ன வேண்டும்

சட்டைப் பையிலோ ஹேண்ட்பேகிலோ அடங்குகிற சின்ன நோட்டு, பேனா, விநாடி முள் ஓடுகிற கடிகாரம். போனில் எழுதலாமா என்றால், எழுதலாம். ஆனால் எழுதத் திறக்கிற போனில் வாட்ஸ்ஆப்பும் இருக்கிறது. எந்த குரூப் மெசேஜைப் பற்றி எழுத வந்தீர்களோ அதையே மறுபடி படித்துவிட்டு, கொஞ்சம் கூடுதல் சூட்டோடு திரும்புவீர்கள்.

பலரும் நினைத்துப் பார்க்காதது, நோட்டு யார் கண்ணில் படும் என்பது. நாலு பேர் புழங்குகிற வீட்டில் நோட்டு திறந்து கிடந்தால், இரண்டாம் நாளே எழுத்து நாகரிகமாகிவிடும், உண்மை வராது. ஆபீஸ் பை, டிபன் கேரியர் கூடை, தையல் பெட்டி என்று யாரும் துழாவாத இடம் ஒன்றை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஆள்பெயருக்குப் பதிலாக எழுத்தோ எண்ணோ போடுங்கள்: மாமியார் ‘ம’, மேனேஜர் ‘9’, எதுவானாலும்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல், ஏற்கெனவே தவறாமல் செய்கிற வேலையோடு கட்டுங்கள். ‘தினமும் எழுதுவேன்’ என்ற தீர்மானம் நிற்பதில்லை. ‘ராத்திரி பல் தேய்த்துவிட்டு பிரஷ்ஷை வைத்ததும் நோட்டை எடுப்பேன்’ என்பது நிற்கும். ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பவர்கள் சொன்னதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990களில் தொகுத்துக் காட்டினார். இந்த முடிச்சு மூன்றாம் வாரத்தில் மறுபடி வரும்.

முதல் வாரம்: உடம்பு மட்டும்

இந்த வாரம் உணர்ச்சியின் பெயரை எழுதக் கூடாது. காரணமும் எழுதக் கூடாது. காலை டிபனுக்குப் பின், மாலை டீக்குப் பின், படுக்குமுன் என்று மூன்று வேளை, உடம்பில் எங்கே என்ன என்று மட்டும். தாடை இறுகியிருக்கிறதா, தோள் காதுப் பக்கம் ஏறியிருக்கிறதா, தொண்டையில் அடைப்பு, நெஞ்சில் படபடப்பு, வயிற்றில் கலக்கம், உள்ளங்கையில் வேர்வை, முகத்தில் சூடு. பக்கத்தில் 0 முதல் 10வரை ஓர் எண். 0 என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான நிலை. 10 என்றால் தாங்கவே முடியாதது. ஒரு வேளைக்கு ஒரு வரி போதும்.

ஏன் உடம்பிலிருந்து தொடங்க வேண்டும்? மனம் ‘எனக்கொன்றும் இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாடை உண்மையைச் சொல்லிவிடும். தமிழுக்கு இது புதிதும் இல்லை. தொல்காப்பியம் உணர்ச்சிகளைப் பேசுகிற இயலுக்கு வைத்த பெயரே மெய்ப்பாடு, அதாவது மெய்யில் படுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டையும் அது உடம்பில் தெரிகிற குறிகளோடு சேர்த்தே வைக்கிறது. ‘வயிற்றைக் கலக்குது’, ‘நெஞ்சு கனக்குது’, ‘உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரியுது’ என்று இன்றும் நாம் பேசுவதும் அதே வழிதான்.

‘ஒன்றும் தெரியவில்லை’ என்று வெறும் பக்கமாக விடுபவர்கள் நிறைய. தன் உணர்ச்சியை அடையாளம் காணவும் சொல்லவும் தடுமாறும் இந்த நிலைக்கு 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் அலெக்ஸிதைமியா என்று பெயர் வைத்தார். அது அவமானப்பட வேண்டிய விஷயமில்லை. சிலருக்குக் காது மந்தமாக இருப்பதுபோல இது ஒரு மந்தம். இவர்கள் கொஞ்சம் பெரிய சத்தத்திலிருந்து தொடங்க வேண்டும். முஷ்டியை ஐந்து விநாடி இறுக்கிப் பிடித்து விடுங்கள். விட்டதும் விரல்களில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். இரண்டு மாடி ஏறிவிட்டு நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கிக் குறியுங்கள். நான்கைந்து நாளில் சின்னச் சத்தங்களும் கேட்க ஆரம்பிக்கும்.

பக்கத்தின் ஓரத்தில் மூன்று எழுத்துகளுக்கு இடம் விடுங்கள்: சா, தூ, கா. சாப்பாடு தள்ளிப்போனதா, தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழா, காபி அல்லது டீ மூன்றுக்கு மேலா. ஆமென்றால் வட்டமிடுங்கள். பெண்கள் மாதவிடாய்த் தேதியையும் குறிக்கலாம். வார முடிவில் பார்த்தால், மாலை ஆறு மணிக் கோபங்களில் ஒரு பங்கு மதியம் சாப்பிடாத கோபமாக இருக்கும். அதற்கு உளவியல் தேவையில்லை, இரண்டு இட்லி போதும்.

ஓர் எச்சரிக்கை. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வேர்வை என்று வந்தால் அது நோட்டில் எழுதும் குறி இல்லை. உடனே 108. காரணமில்லாமல் வாரக்கணக்கில் படபடப்பும் எடைக் குறைவும் இருந்தால் தைராய்டும் ரத்தமும் சோதித்துவிட்டு வாருங்கள்.

இரண்டாம் வாரம்: பெயர்

இப்போது உடம்புக்குப் பக்கத்தில் ஒரு சொல். விதி ஒன்றுதான்: ‘டென்ஷன்’, ‘மூட் அவுட்’, ‘ஒரு மாதிரி’, ‘அப்செட்’ நான்கும் தடை. முதலில் அவைதான் வரும். வரட்டும், எழுதி அடித்துவிட்டு அடுத்த சொல்லைத் தேடுங்கள்.

எழுதியது உணர்ச்சியா, எண்ணமா என்று பார்க்கத் தமிழிலேயே எளிய சோதனை இருக்கிறது: வாக்கியத்தில் ‘என்று’ வருகிறதா? ‘அவர் என்னை மதிக்கவில்லை என்று தோன்றுகிறது’ என்பது எண்ணம், அவரைப் பற்றிய தீர்ப்பு. தீர்ப்பை எழுத எழுதச் சூடு ஏறும். ‘அவமானமாக இருக்கிறது’ என்பது உணர்ச்சி. ‘என்று’ வந்தால், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு படி இறங்குங்கள். இந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். மற்றதெல்லாம் இதற்கு உதவி.

சொற்களைப் பொறுத்தவரை நாம் பணக்காரர்கள், செலவழிக்கத்தான் பழகவில்லை. நெருங்கிய சொற்களை அருகருகே வைத்துப் பாருங்கள். *மனத்தாங்கல்* நம்மவர்மேல் மட்டுமே வரும். அந்நியன்மேல் யாருக்கும் மனத்தாங்கல் வராது. அதனால் அது உறவு இன்னும் வேண்டும் என்று சொல்கிற உணர்ச்சி, அதற்குத் தேவை பேச்சு. *ஆதங்கம்* நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லையே என்பது. யாரிடமும் சண்டை போட்டுத் தீராது, கேட்க ஒரு காது வேண்டும். *ஆற்றாமை* கையைப் பிசைகிற நிலை, நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பது. செய்யக்கூடிய மிகச் சின்ன வேலை ஒன்றைக் கையில் எடுத்தால் தணியும். *ரோஷம்* மரியாதை சீண்டப்பட்டதும் கிளம்புவது. வேகமாக ஏறி வேகமாக இறங்கும், ஆகவே அது இருக்கும்போது ராஜினாமா மெயில் அனுப்பக் கூடாது. *உறுத்தல்* நாமே செய்த ஒன்றைப் பற்றியது; மன்னிப்புக் கேட்டாலொழியப் போகாது. *சலிப்பு* ஓய்வு கேட்கிறது, *விரக்தி* ஓய்வெடுத்தாலும் போகாது. *வயிற்றெரிச்சல்* என்று எழுதக் கை கூசும். எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய கார் வயிற்றை எரிக்கிறது என்றால், உங்களுக்கு வேண்டியது என்ன என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

துக்கமாக இருக்கிறது என்று தெரிந்தும் எதனால் என்று பிடிபடாத நாட்களுக்குத் தொல்காப்பியத்தின் பட்டியல் இன்றும் கைகொடுக்கிறது. அழுகை நான்கிலிருந்து வரும் என்கிறது அது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. யாரோ நம்மை இளப்பமாக நடத்தியது. ஆளையோ பொருளையோ இழந்தது. முன்பிருந்த நிலை குலைந்து வேறாகிப்போனது. வேண்டியது கிடைக்காமல் தவிப்பது. நான்கையும் வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். ஓய்வு பெற்றவர், பணியிடம் மாறியவர், கல்யாணமாகி வேறு ஊர் போன பெண் என்று பலர், ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா அழுகை வருது’ என்பார்கள். பெரும்பாலும் மூன்றாவதில் வந்து நிற்பார்கள். எதையும் இழக்காமலே நிலை மாறியதற்கும் அழலாம் என்று தெரிவதே அவர்களுக்குப் பாதி ஆறுதல்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட, திருப்பூர்ப் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர் (பையரின், அதாவது வாங்குபவரின், ஆர்டரைக் கவனிப்பவர்) ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘9’ அவருடைய மேனேஜர்:

> செவ்வாய், மாலை 4.10. சாம்பிள் மீட்டிங். பையர் கமெண்ட்டை 9 எல்லார் முன்னாடியும் வாசிச்சார். ‘இதைக்கூடப் பாக்க மாட்டியா’ன்னார்.
> உடம்பு: காது சூடு, தொண்டை அடைப்பு, விரல் ஜில்லுனு. 8.
> ஓரம்: சா (மதியம் 3 மணிக்குப் பாதிச் சாப்பாடு).
> பெயர்: ~~டென்ஷன்~~ ~~கோபம்~~ அவமானம் 8. பயம் 5.
> செஞ்சது: அங்கே ஒண்ணும் பேசல. வீட்ல பாப்பா டம்ளரைத் தட்டினதுக்குக் கத்திட்டேன்.
> ஓய்ஞ்சது: ராத்திரி 9.40.

அடித்த இரண்டு சொற்களையும் கவனியுங்கள். ‘கோபம்’ என்றே நின்றிருந்தால் இவர் எதிர்ப்பேச்சுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார். ‘அவமானம்’ என்றானதும் வேலை தெளிவாகிறது: மறுநாள் தனியாகப் போய், ‘தப்பு என் பக்கம்தானுங்க சார், இனிமே செக் பண்ணிட்டு அனுப்பறேன். ஆனா எல்லார் முன்னாடியும் சொன்னது சங்கடமாப் போச்சுங்க’ என்பது. ‘பயம்’ வேறு வேலை கேட்கிறது: இந்தக் கம்பெனியில் சாம்பிள் ரிஜெக்ட் ஆனதற்காக இதுவரை யாரையாவது அனுப்பியிருக்கிறார்களா என்று யோசித்துப் பார்ப்பது. பாப்பா விஷயம் உறுத்தல். பாப்பா தூங்குமுன் போய்த் தலையைத் தடவி ‘அப்பா கத்தினது தப்பு’ என்றால் முடிந்தது. ஒரு டென்ஷனுக்குள் மூன்று உணர்ச்சி, மூன்று வேலை.

பதிவு எழுதும்போது பேச்சுவழக்கிலேயே எழுதுங்கள். செந்தமிழில் எழுதினால் கட்டுரை ஆகிவிடும். இங்கிலீஷில் எழுதினால் சிலருக்கு எளிதாக இருக்கும். அந்த எளிமையைச் சந்தேகப்படுங்கள். அம்மாவிடம் சண்டை தமிழில் நடந்திருந்தால் அது வலித்ததும் தமிழில்தான்.

இந்த வாரத்தில் வரும் பெரிய கோளாறு, பதிவு நீண்டு அரைப் பக்கம், ஒரு பக்கம் என்று போவது. ‘ஏன் எனக்கு மட்டும்’ என்ற கேள்வி எட்டிப் பார்த்தால் நீங்கள் கவனிப்பதை விட்டு அசைபோடத் தொடங்கிவிட்டீர்கள். அசைபோடுதல் மனச்சோர்வை நீட்டிக்கும் என்பதை சூசன் நோலன்-ஹோக்செமாவின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. ஒரு பதிவுக்கு ஆறு வரி, மூன்று நிமிடம். ‘ஏன்’ வேண்டாம், ‘என்ன’, ‘எங்கே’, ‘எவ்வளவு’ போதும்.

மூன்றாம் வாரம்: இடைவெளி

நடந்ததற்கும் நாம் செய்வதற்கும் நடுவே கொஞ்சம் இடம் உண்டாக்குவதுதான் இந்த வாரம். அதற்கு முன் ஒரு பழைய அறிவுரையைக் கழிக்க வேண்டும்: ‘அடக்கிக்கோ’. முகத்தில் காட்டாமல் அமுக்குவதையும், நடந்ததை வேறு கோணத்தில் பார்ப்பதையும் உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998இல் ஒப்பிட்டார். அமுக்கியவர்களின் முகம் அமைதியானது. உள்ளே இருந்த உணர்ச்சி குறையவில்லை, உடம்பின் பரபரப்பு கூடியது. கோணத்தை மாற்றியவர்களுக்கு உணர்ச்சியே இறங்கியது. ‘ஆம்பளை அழக் கூடாது’, ‘பொம்பளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது’ என்று வளர்க்கப்பட்டவர்கள் அடக்குவதில் கெட்டிக்காரர்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கான பில் ராத்திரி பாப்பாவுக்குப் போகிறது.

மூச்சிலிருந்து தொடங்கலாம். மூக்கால் 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு. ஐந்து நிமிடத்துக்கு முப்பது மூச்சு. வெளிமூச்சு நீளும்போது நாடி தணிவதை மணிக்கட்டில் விரல் வைத்தே உணரலாம். இதில் இரண்டு தவறுகள் சகஜம். ஒன்று, ‘ஆழமாக’ என்று கேட்டதும் நெஞ்சை நிமிர்த்தி வேகவேகமாக இழுப்பது. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், உதட்டோரம் மரத்துப்போகும், பதற்றம் கூடும். வயிற்றின்மேல் கை வைத்து, கை மெல்ல எழுந்தால் போதும் என்று அளவாக விடுங்கள். இன்னொன்று, சண்டையின் நடுவில்தான் முதல்முறையாக முயல்வது. நீச்சலை வெள்ளத்தில் கற்க முடியாது. முதல் ஐந்து நாள் காலை, மாலை, அமைதியான நேரத்தில் மட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் விநாடிக் கணக்கை விட்டுவிட்டு, வெளிமூச்சு கொஞ்சம் நீளமாக இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது முடிச்சு. முதல் இரண்டு வாரப் பக்கங்களைப் புரட்டி, 7க்கு மேல் போன பதிவுகளில் எந்த உடம்புக் குறி முதலில் வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. நம் மெர்ச்சண்டைசருக்குக் காது சூடு. அவர் எழுத வேண்டியது: ‘மீட்டிங்கில் காது சூடானால், பேனாவைக் கீழே வைப்பேன், மூன்று வெளிமூச்சு விடுவேன், ஃபைலைப் பாத்துட்டு அஞ்சு மணிக்குச் சொல்றேனுங்க சார் என்பேன்.’ வீட்டுக்கும் ஒன்று: ‘வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே எத்தனை என்று எண் சொல்லிக்கொள்வேன், 5க்கு மேல் இருந்தால் முதலில் முகம் கழுவுவேன், பிறகுதான் பேச்சு.’ ‘கோபம் வந்தால் பொறுமையாக இருப்பேன்’ என்பது முடிச்சே இல்லை. கோபம் எப்போது வந்தது என்று தெரிவதற்குள் கத்தியிருப்பீர்கள். கண்ணுக்கோ காதுக்கோ தெரிகிற குறி, கையாலோ வாயாலோ செய்கிற செயல், இரண்டும் இருக்க வேண்டும். இரண்டு முடிச்சுக்குமேல் போடாதீர்கள்.

கோணத்தை மாற்ற எளிதான வழி, தன்னைத் தன் பெயரால் கூப்பிடுவது. ‘நான் ஏன் இப்படிப் பதறறேன்’ என்பதைவிட ‘செல்வி, இப்ப என்ன ஆயிடுச்சு?’ என்று கேட்டுக்கொள்பவர்கள் பதற்றமான நேரத்தை மேலாகக் கையாள்கிறார்கள் என்பது ஈதன் க்ராஸும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில் தெரிந்தது. ஊரில் பாட்டிகள் அரிசி புடைத்துக்கொண்டே தன் பெயர் சொல்லித் தன்னையே அதட்டுவதைக் கேட்டவர்களுக்கு இது புதுமையாக இருக்காது.

பேசுவதற்கும் ஒரு சொல் கணக்கு. ‘எப்பவுமே’, ‘ஒரு நாள்கூட’, ‘உங்க வீட்டு ஆளுங்களே’ மூன்றையும் ஒரு வாரம் தவிர்த்துப் பாருங்கள். ‘நீங்க எப்பவுமே என் பேச்சைக் கேக்கறதில்ல’ என்றால் எதிராளி கேட்ட இரண்டு சந்தர்ப்பத்தைத் தேடி எடுத்து வாதாடுவார். ‘நேத்து நான் சொல்லிட்டிருக்கறப்ப டிவி சத்தத்தைக் கூட்டினீங்க, எனக்குக் கஷ்டமாப் போச்சு’ என்றால் வாதாட இடமில்லை. நேற்று, ஒரு செயல், ஓர் உணர்ச்சி. வயதில் பெரியவர்களிடம் நேருக்கு நேர் சொல்ல முடியாத வீடுகளில், அவர் சாப்பிட்டு ஓய்ந்த நேரமாகப் பார்த்து, ‘ஒண்ணு சொல்லணும் அத்தை, தப்பா நெனைக்காதீங்க’ என்று அனுமதி கேட்டுத் தொடங்குவது கோழைத்தனம் ஆகாது. அந்த வீட்டில் செல்லுபடியாகும் நாணயம் அது.

நான்காம் வாரம்: மீளும் நேரம்

மீள்திறன் என்றதும் எதற்கும் அசையாத ஆளைக் கற்பனை செய்துகொள்கிறோம். இந்தப் பயிற்சியில் அது ஒரு நேரக் கணக்கு மட்டுமே: 8க்குப் போனது எத்தனை நேரத்தில் 3க்கு இறங்கியது. மேலே உள்ள பதிவில் 4.10 முதல் 9.40 வரை, ஐந்தரை மணி நேரம். 8 என்பது 6 ஆக வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். அவமானப்படுத்தினால் எல்லாருக்கும் 8தான். ஐந்தரை மணி மூன்றாகிறதா என்று பாருங்கள்.

மீள்வதைத் தாமதப்படுத்துவதில் முதலிடம் ராத்திரிக் கவலைக்கு. அதற்கு 1983இல் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய சகாக்களும் சோதித்துப் பார்த்த வழி விசித்திரமாகத் தெரிந்தாலும் வேலை செய்கிறது: கவலைப்பட நேரம் ஒதுக்குவது. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி. மாலை ஐந்தரைக்கு மொட்டைமாடிப் படி என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையும் சாப்பாட்டு இடமும் வேண்டாம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வார்த்தையாகக் குறித்துவிட்டு ‘ஐந்தரைக்கு’ என்று தள்ளுங்கள். உட்கார்ந்ததும் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்: நாளைக்கு நான் செய்யக்கூடியது ஏதாவது இருப்பவை, இல்லாதவை. முதல் வகைக்கு நேரமும் ஆளும் எழுதுங்கள் (‘நகை அடகு வட்டி: புதன் 11 மணி, பேங்க்’). இரண்டாம் வகையை அரை மணி முடியும்வரை தாராளமாகக் கவலைப்படுங்கள். முதல் மூன்று நாள் பட்டியல் நீளும். ஐந்தாம் நாள் உட்கார்ந்தால் பாதி விஷயம் ஆறிப்போயிருக்கும்.

மீள்வதற்கு ஆள் வேண்டும். ஹவாய் தீவுக் கூட்டத்தின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழு பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் நோய் என்று பல சுமைகளோடு பிறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் ஒன்று, நிலையாக அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது இருந்தது. தாத்தா பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று பெயர் எழுதுங்கள்: கேட்க ஒருவர், கைவேலைக்கு அல்லது கைமாற்றுக்கு ஒருவர், சிரிக்க ஒருவர். ஒரே ஆள் மூன்று இடத்திலும் வந்தால் அவருக்கு அது பாரம். நம் ஊரில் கேட்கச் சொன்னால் உடனே அறிவுரை கொட்டும். அதனால் போனை எடுத்ததுமே சொல்லிவிடுங்கள்: ‘அட்வைஸ் வேணாம்டா, பத்து நிமிஷம் கேட்டாப் போதும்.’ இந்த வாரம், ஒன்றும் ஆகாத நாளில் மூவரையும் ஒருமுறை கூப்பிடுங்கள். கஷ்டத்தில் மட்டும் ஒலிக்கிற போனை யாரும் ஆசையாக எடுப்பதில்லை.

வருடக்கணக்காகத் தொண்டையில் நிற்கிற பழைய விஷயம் ஒன்று இருந்தால், ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட முறை இருக்கிறது: நான்கு நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிடம், அதைப் பற்றி நிறுத்தாமல் எழுதுவது, நடந்ததும் சேர வேண்டும், பட்டதும் சேர வேண்டும். இதற்குத் தனித் தாள் எடுங்கள், ஆறு வரி விதி இங்கே இல்லை. எழுதி முடித்த ஓரிரு மணி நேரம் மனம் கனக்கும், அது எதிர்பார்த்ததே. அதனால் வேலைக்குக் கிளம்புமுன் எழுதாதீர்கள். சாவோ விபத்தோ நடந்து சில வாரமே ஆகியிருந்தால் இது வேண்டாம். எழுதும்போது நடந்தது மறுபடி கண்முன்னே நடப்பதுபோல வந்தால் நிறுத்திவிட்டு, காலைத் தரையில் ஊன்றி அறையில் தெரியும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைத் தனியாகத் தொடரக் கூடாது, ஆலோசகர் துணை வேண்டும்.

நோட்டு எதற்கு உதவாது

கணவர் அடிக்கிறார், முதலாளி மூன்று மாதச் சம்பளம் தரவில்லை, கடன் ஆப் ஆட்கள் போனில் மிரட்டுகிறார்கள் என்றால், உங்கள் கோபமும் பயமும் சரியாக வேலை செய்கின்றன. அதைத் தாங்கப் பழகுவது மீள்திறன் ஆகாது. தாங்கச் சொல்பவர்களுக்குத்தான் அது வசதி. அங்கே நோட்டுக்கு வேறு பயன் உண்டு: தேதி, நேரம், சொன்ன வார்த்தை. புகார் எழுதும் நாளில் அது உதவும். பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது.

எண் பெரும்பாலான நாட்களில் இறங்காமலே இரண்டு வாரம் போனால், தூக்கமும் பசியும் கெட்டால், பிடித்த எதிலும் மனம் ஒட்டாவிட்டால், மருத்துவரைப் பார்க்கும் நேரம் அது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மனநல மருத்துவர் மருந்து எழுதுவார், உளவியலாளர் பேச்சின் வழியாகச் சிகிச்சை செய்வார். இரண்டும் சேர்ந்து தேவைப்படலாம். போகும்போது நோட்டைக் கொண்டுபோங்கள், ‘எப்போதிலிருந்து?’ என்ற முதல் கேள்விக்குத் தேதியோடு பதில் இருக்கும். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 14416, அக்டோபர் 2022 முதல் இயங்கும் டெலி மானஸ், இரவிலும் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104. இலங்கையில் 1926.

28ஆம் நாள் இரண்டு நிறப் பேனா எடுத்து நோட்டை முதலிலிருந்து படியுங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும் இடங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். மீளும் நேரம் குறைந்த இடங்களைப் பச்சையில். சிவப்பு வட்டங்கள் ஒரே ஆளையோ ஒரே கிழமையையோ சுற்றி நின்றால், அடுத்த நோட்டு அதைப் பற்றி மட்டும். பழைய நோட்டை எடைக்குப் போடும் பேப்பரோடு சேர்த்துவிடாதீர்கள், பழைய பேப்பர் கடைக்குப் போனது எந்தக் கடையில் பொட்டலமாகுமோ தெரியாது. கிழித்து வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவிட்டால், காலையில் கையால் பிசைந்தே கூழாக்கிவிடலாம்.